நோட்டில் அடித்த வரிகள்

என் கிட் பேக்கில் ஒரு லாங் சைஸ் நோட்டு எப்போதும் இருக்கும். 1998-இல் கூடைப்பந்துப் பயிற்சியாளனாகக் களத்தில் இறங்கிய புதிதில் வாங்கியது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய பாடங்கள். மழையில் நனைந்து, வியர்வையில் ஊறி, இரண்டு முறை பைண்டிங் போட்டாகிவிட்டது.

நான்காம் பக்கத்தில் மூன்று வரிகள் உண்டு. ‘உயரமான பையன் பந்தைத் தரையில் தட்டக் கூடாது, ரீபவுண்ட் எடுத்ததும் கார்டிடம் கொடுத்துவிட வேண்டும்.’ ‘த்ரீ பாயிண்ட் என்பது வேறு வழி இல்லாதபோது எறிவது.’ ‘பாஸ் கொடுத்தபின் கொடுத்த இடத்திலேயே நிற்காதே.’ முதல் இரண்டு வரிகளையும் பின்னாளில் நானே அடித்துவிட்டேன். பேனாவை அழுத்தி அடித்ததில் பின்பக்கம் வரை தடம் தெரியும். மூன்றாவது வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

தலைமுறைக்கு ஒருவர் என்று யாரைச் சொல்லலாம் சார் என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நான்காம் பக்கம்தான் நினைவுக்கு வரும். எத்தனை புள்ளி, எத்தனை கோப்பை என்று கணக்குப் பார்க்க நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. அந்த ஆள் வந்தபின், நேற்றுவரை நான் சொல்லிக்கொடுத்த எதை இனிமேல் சொல்லிக்கொடுக்க முடியாமல் போகிறது?

அந்த முதல் வரியால் நான் செய்த ஒரு தவறை இங்கே சொல்லியாக வேண்டும். 2004-ஆக இருக்கும். பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஒரு பையன் பயிற்சிக்கு வருவான். ஒன்பதாம் வகுப்பு, அப்போதே ஆறடி இரண்டங்குலம். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு உயரம் கிடைப்பது அபூர்வம். அவனை ரிங்குக்கு அடியில் நிறுத்தினால் மாவட்டப் போட்டிகளில் யாராலும் அசைக்க முடியாது என்று கணக்குப் போட்டேன். ஆனால் அவனுக்கு ஒரு பழக்கம். ரீபவுண்டை எடுத்ததும் கார்டைத் தேட மாட்டான். தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்துவிட்டு, கோர்ட்டின் பாதியைத் தாண்டி ஒற்றைக் கையால் பந்தை வீசுவான். பாதி நாள் அது யார் கைக்கும் போகாமல் வேலியில் போய் மோதும்.

ஒரு நாள் விசில் ஊதி நிறுத்தினேன். “டேய், நீ சென்டர்டா. கார்டுகிட்ட குடுத்துட்டு ரிங்குக்குக் கீழ போய் நில்லு.”

“அங்க ஒருத்தன் ஓடுறான் சார்” என்றான்.

திரும்பிப் பார்த்தேன். யாரும் ஓடவில்லை. ஒரு பையன் இடது பக்கக் கோட்டோரம் அப்போதுதான் குனிந்து கால் எடுத்து வைத்தான். நான் பார்த்த நொடியில் அவன் ஓடத் தொடங்கவே இல்லை. அதனால் “எவன்டா ஓடுறான்?” என்று கேட்டு, ஐந்து சுற்று ஓடவிட்டேன். அதன்பின் அவன் ரிங்குக்குக் கீழேயே நின்றான். கல்லூரி வரை அங்கேயேதான் ஆடினான். பிறகு முழங்கால் போய்விட்டது. இப்போது மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறான்.

அவன் பெரிய ஆட்டக்காரனாக வந்திருப்பான் என்று சொல்ல வரவில்லை. அது எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அவன் கண்ணுக்குத் தெரிந்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதுகூட பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, செர்பியாக்காரர் ஒருவரைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது.

அவரிடம் வருவதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. காலையில் வார்ம்-அப் முடிந்ததும் எங்கள் பிள்ளைகள் ‘மைக்கன்’ போடுவார்கள். ரிங்குக்கு அடியில் நின்று, பந்தை மார்புக்குக் கீழே இறக்காமல், வலப்பக்கம் ஒன்று இடப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போர்டில் வைப்பது. மைக்கன் என்பது ஒரு மனிதரின் பெயர் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. ஜார்ஜ் மைக்கன், ஆறடி பத்தங்குலம், தடித்த கண்ணாடி. அந்தக் காலத்தில் அவ்வளவு உயரமானவர்கள் ஆட்டத்துக்கு லாயக்கில்லாத மந்தமானவர்கள் என்றே நினைத்தார்கள். சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் ரே மெயர் என்ற பயிற்சியாளர் அவரைக் கயிறு தாண்ட வைத்தார், நடனம்கூடக் கற்றுக்கொள்ள வைத்தார். மைக்கன் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து ரிங்குக்கு அருகே நின்றதும் வேறு யாருக்கும் அங்கே இடமில்லாமல் போனது. 1951-இல் ரிங்குக்குக் கீழே இருக்கும் பெயிண்ட் பகுதியை ஆறடியிலிருந்து பன்னிரண்டு அடியாக அகலப்படுத்தினார்கள். 1962-இல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்த வில்ட் சேம்பர்லினுக்காக 1964-இல் அதையே பதினாறு அடியாக்கினார்கள். பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார் என்று பெயர் மாற்றிக்கொண்ட லூ அல்சிண்டர் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தபோது, 1967-இல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் டங்க் போடுவதையே தடை செய்தார்கள். 1976 வரை அந்தத் தடை இருந்தது. டங்க் போட முடியாத அந்த ஆண்டுகளில் அவர் தன் ஸ்கைஹுக் ஷாட்டைத் தீட்டிக்கொண்டார். பிறகு அதை வைத்துத்தான் இருபது ஆண்டுகள் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.யை ஆண்டார்.

அந்த நாட்களில் விதிப்புத்தகத்தில் வரி அடித்தார்கள் என்றால், பில் ரஸ்ஸல் அடிக்க வைத்தது பயிற்சியாளர்களின் நோட்டில். தடுக்கிறவன் காலைத் தரையைவிட்டு எடுக்கக் கூடாது என்பதுதான் 1950-களில் எல்லாரும் சொல்லிக்கொடுத்த பாடம். ரஸ்ஸல் தாவினார். தாவி அடித்த பந்தைக் கூட்டத்துக்குள் பறக்கவிடாமல், தன் அணிக்காரர் கைக்குப் போகிற மாதிரி தட்டிவிட்டார். பாஸ்டன் செல்டிக்ஸ் அவரோடு 13 ஆண்டுகளில் 11 முறை சாம்பியன். அந்த அதிரடி பிளாக்கைக் கண்டு பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். நான் கேட்பது பந்து எங்கே போனது என்பதை. பந்து வெளியே போனால் எதிரணிக்கே திரும்பக் கிடைக்கும். ரஸ்ஸல் பந்தைத் தொடும்போதே அடுத்த பாஸை யோசித்திருக்கிறார்.

‘தலைமுறைக்கு ஒருவர்’ என்ற சொல் இன்று ரொம்ப மலிவாகிவிட்டது. ஒவ்வொரு ஜூனிலும், அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் என்.பி.ஏ. டிராஃப்ட் வரும்போது யாராவது ஒருவருக்கு அந்தப் பட்டத்தைக் கட்டிவிடுகிறார்கள். சில நேரம் சரியாகவும் இருக்கும். லெப்ரான் ஜேம்ஸைப் பள்ளியிலேயே அடையாளம் கண்டார்கள். பிரான்சின் விக்டர் வெம்பன்யாமாவைப் பதினெட்டு வயதிலேயே உலகம் முழுக்கத் தெரியும். ஆனால் 2009-இல் ஸ்டெஃபன் கரியின் பெயரைக் கூப்பிடும்முன் ஆறு பெயர்களைக் கூப்பிட்டார்கள். அதில் ஐந்தாவது, ஆறாவது இடங்களில் ஒரே அணி அவர் ஆடும் அதே இடத்துக்கு இரண்டு கார்டுகளை எடுத்தது. 2014-இல் நிகோலா யோகிச்சுக்கு முன் நாற்பது பெயர்கள். அவரை டென்வர் எடுத்த நேரத்தில் டி.வி.யில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவரோ செர்பியாவில் தூங்கிக்கொண்டிருந்தார்.

எடுத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. உயரத்தை அளந்தார்கள், கை நீளத்தை அளந்தார்கள், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு எம்புகிறான் என்று அளந்தார்கள். அவர்கள் நோட்டில் இருந்த வரிகளுக்கு ஏற்றபடிதான் பார்த்தார்கள். நான் அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனைப் பார்த்ததும் அப்படித்தான்.

யோகிச் சோம்போர் என்ற ஊர்க்காரர். இரண்டு அண்ணன்களுக்குத் தம்பி. குதிரைகள் என்றால் உயிர். இன்றும் ஆட்டப் பருவம் முடிந்ததும் ஊருக்குப் போய்க் குதிரைப் பந்தயத்தோடுதான் இருப்பார். சின்ன வயதில் தண்ணீர் மாதிரி கோலா குடித்து உடம்பைப் பெருக்கி வைத்திருந்தவர். எம்பச் சொன்னால் எம்ப வராது. வேகமாக ஓடவும் மாட்டார். ஆறடி பதினோரு அங்குல உயரமும், பூப்போல பந்தைத் தொடும் விரல்களும் மட்டும் உண்டு.

2017-இல் என்னிடம் படித்த ஒரு மாணவன் போனில் அவர் ஆட்டத்தைக் காட்டினான். முதல் தடவை பந்தைத்தான் பார்த்தேன். ஒன்றும் பெரிதாகப் படவில்லை. வீட்டுக்கு வந்து மறுபடி போட்டு, பந்தை விட்டுவிட்டு அவர் தலையை மட்டும் பார்த்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நடந்தது இதுதான். ஃப்ரீ த்ரோ கோட்டின் ஓரத்தில், ரிங்குக்கு முதுகைக் காட்டி அவர் நிற்கிறார். கார்டு இன்னும் பந்தைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறான். அதற்குள் இவர் தலை ஒருமுறை வலது தோளுக்கு மேலே திரும்புகிறது, உடனே இடது தோளுக்கு. பந்து வருகிறது. பிடித்து இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்குகிறார். கண் வலது மூலையில் நிற்கிற தன் ஆளைப் பார்க்கிறது. தடுப்பவனும் அந்தப் பக்கம் ஒரு அடி சாய்கிறான். இடது பக்கம் அவருடைய அணிக்காரர் ஜமால் மரே தன்னைக் காவல் காப்பவனோடு உரசிக்கொண்டு நிற்கிறார். அவர் இன்னும் நிற்கத்தான் செய்கிறார். அப்போதே பந்து யோகிச்சின் கையை விட்டுப் போய்விட்டது. மரே திரும்பி இரண்டு எட்டு வைக்கும் இடத்தில் பந்து அவருக்காகக் காத்திருக்கிறது. லே-அப். இதை அவர் எப்போதோ ஒருமுறை செய்வதில்லை. வாரத்துக்கு நாலைந்து தடவை செய்வார்.

ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து ரிங் நாலு மீட்டர் சொச்சம். நல்ல பாஸ் ஒன்று அந்தத் தூரத்தைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. ஆனால் நல்ல தடுப்பாட்டக்காரன் ஒரு இடைவெளியை அடைக்கவும் அந்த அரை நொடியே போதும். ஆள் ஃப்ரீயாகிவிட்டான் என்று கண்ணால் பார்த்து, அதன்பின் எறிந்தால், பந்து போய்ச் சேரும்போது கதவு சாத்தியிருக்கும். எனவே ஃப்ரீயாகாதவனுக்குத்தான் எறிய வேண்டும். இதை வாயால் சொல்வது எளிது. செய்ய வேண்டுமென்றால் களத்தில் இருக்கும் மற்ற ஒன்பது பேரும் எங்கே நிற்கிறார்கள், யார் எடை எந்தக் காலில் இருக்கிறது, யார் கவனம் சிதறியிருக்கிறது என்பதெல்லாம் பந்து கைக்கு வருமுன்பே மனதில் இருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் அவதானம் செய்கிறவர்கள் இருந்தார்கள். கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலரைச் சதாவதானி என்பார்கள். முதுகில் ஒருவர் கல்லைப் போட்டுக்கொண்டே இருப்பார், ஒருவர் மணியடிப்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், இன்னொருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். எதையும் தவறவிடாமல் எல்லாவற்றுக்கும் பதில் வர வேண்டும். என் தாத்தா அதைப் பற்றிச் சொல்லும்போது மனப்பாட சக்தி என்றுதான் நினைத்திருந்தேன். யோகிச்சைப் பார்த்தபிறகு எனக்கு வேறு மாதிரிப் பட்டது. கல் எத்தனை விழுந்தது என்று அவர் உட்கார்ந்து எண்ணியிருக்க மாட்டார். விழுந்த கல் அவருக்குள் தானாகப் பதிந்திருக்கும்.

அதன்பின் ஒரு பயிற்சியைப் புதிதாகச் சேர்த்தேன். ஒருவன் ரிங்குக்கு முதுகு காட்டி நிற்பான். அவனுக்குப் பின்னால் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு பக்கம், விரல்களைக் காட்டுவார்கள். முன்னாலிருந்து பாஸ் வரும். பந்து கையில் படுவதற்கு முன் இரண்டு பக்கமும் எத்தனை விரல் என்று அவன் சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் வாரம் பந்து மூஞ்சியில் அடிக்கும். மூன்றாவது மாதம் பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். சுமாராக ஆடுகிற பிள்ளைகள் இதில் நன்றாகவே தேறுகிறார்கள், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் விரலை எண்ணுவது வேறு. பின்னால் நிற்பவன் அடுத்து எந்த விரலை மடக்கப்போகிறான் என்று அறிவது வேறு. முதலாவதை என்னால் சொல்லிக்கொடுக்க முடியும்.

யோகிச் அதை எங்கிருந்து பெற்றார் என்று கேட்டால், என் பதில் இது: அவர் உடம்பில் இல்லாதது அவரைப் பார்க்க வைத்தது. எம்ப முடிந்தவன் தப்பான இடத்தில் பந்தை வாங்கினாலும் எம்பித் தப்பித்துக்கொள்வான். அந்த வசதி அவருக்கு இல்லை. சரியான நேரத்துக்கு முன்பே சரியான இடத்தில் இல்லாவிட்டால் அவர் தொலைந்தார். இப்படிக் குறையோடு வளர்கிறவர்கள் ஆயிரம் பேர்; பெரும்பாலோர் ஆட்டத்தையே விட்டுவிடுகிறார்கள். இவருக்கு இரண்டு அதிர்ஷ்டம், இரண்டும் பயிற்சியாளர்கள் வடிவில் வந்தன. பெல்கிரேடில் மெகா அணியில் டேயான் மிலோயெவிச். டென்வரில் மைக்கேல் மலோன். மலோன் முதலில் யோகிச்சை வேறொரு உயரக்காரருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், சரிவரவில்லை. 2016 டிசம்பரில் அவரை மீண்டும் சென்டராக்கி, அணியின் மொத்த ஆட்டத்தையும் அவர் கை வழியாகப் போகும்படி மாற்றினார். ஒரு சென்டரைக் கார்டு மாதிரி நம்புவது என்பது அதுவரை ஒரு பயிற்சியாளர் கற்ற பாதியை மறப்பது. எனக்கு மலோன் மேல் பெரிய மரியாதை உண்டு, இந்த ஒரு காரணத்துக்காக.

பிறகு நடந்ததெல்லாம் ஊரறிந்தது. 2021, 2022, 2024 என்று மூன்று முறை பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருது. 2023-இல் டென்வருக்கு முதல் கோப்பை. அந்த பிளேஆஃப்ஸில் மொத்தப் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் அவரே முதலிடம். வேறு யாரும் அதைச் செய்ததில்லை. 2024-25 பருவத்தில் சராசரியே ட்ரிபிள் டபுள்: 29.6 புள்ளி, 12.7 ரீபவுண்ட், 10.2 அசிஸ்ட். பத்து அசிஸ்ட், அதுவும் ஒரு சென்டருக்கு. பெரியகுளத்தில் மே மாதம் நடக்கும் அகில இந்தியப் போட்டிகளைக் கேலரியில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன் நான். ராணுவ அணி, ஐ.ஓ.பி., ஐ.சி.எஃப். என்று எத்தனையோ நல்ல சென்டர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு சென்டரின் அசிஸ்டை யாரும் எண்ணியதாக எனக்கு நினைவில்லை. 2017-இல் அந்த முதல் வரியை அடித்தேன்.

இரண்டாவது வரியை அதற்கு ஒரு வருடம் முன்பே அடித்திருந்தேன். கரியின் கதை பலருக்குத் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா டெல் கரியும் என்.பி.ஏ.வில் பேர்பெற்ற ஷூட்டர். பள்ளியில் படிக்கும்போது பையன் பந்தை இடுப்புப் பக்கத்திலிருந்து எறிவான். பெரிய ஆட்களோடு ஆடும்போது இது செல்லாது, தலைக்கு மேலிருந்து எறியக் கற்றுக்கொள் என்று அப்பா ஒரு கோடை விடுமுறையில் ஷாட்டைப் பிரித்துப்போட்டு மறுபடி கட்டினார். அந்தக் கோடையில் பெயிண்டுக்கு வெளியிலிருந்து பையனால் சரியாக எறியவே முடியவில்லை. நன்றாக விழுந்துகொண்டிருந்த ஷாட்டைத் தானே கலைத்துவிட்டு, விழாத ஷாட்டோடு மாதக்கணக்கில் இருப்பது என்ன கொடுமை என்று எறிந்து பழகியவர்களுக்குத் தெரியும்.

2015-16-இல் அவர் போட்ட த்ரீ பாயிண்டர்கள் 402. அதற்கு முந்தைய சாதனையும் அவருடையதே, 286. அந்தப் பிப்ரவரியில் ஓக்லஹோமா சிட்டியில் ஓவர்டைம் முடியும் நேரத்தில், கோட்டுக்குப் பல அடி வெளியே, நடந்துவருகிற மாதிரி வந்து ஒரு பந்தை எறிந்தார். உள்ளே போனது. அதைப் பார்த்த மறுநாள் காலை என் பிள்ளைகள் அத்தனை பேரும் கோர்ட்டின் நடுவிலிருந்து எறிந்துகொண்டிருந்தார்கள். ஒரு பந்தும் ரிங்கைத் தொடவில்லை. அவர் வந்த 2009-10-இல் ஒரு அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 18 த்ரீ எறிந்தது. 2024-25-இல் அது 37-ஐத் தாண்டிவிட்டது.

இங்கே என் வருத்தம் ஒன்றையும் சொல்கிறேன். பத்து வயதுப் பிள்ளை பெரியவர்கள் பந்தோடு 6.75 மீட்டர் கோட்டிலிருந்து எறிந்தால் தோளும் இடுப்பும் சேர்ந்து முறுகும். ஷாட் கெட்டுவிடும், அதைத் திருத்த மூன்று வருடம் ஆகும். கரியைப் பார்த்துக் கற்க வேண்டியது அந்தத் தூரம் கிடையாது. ஆட்டத்துக்கு முன் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். இரண்டு கையாலும் இரண்டு பந்தைத் தட்டத் தொடங்குவார். பிறகு ரிங்குக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன ஷாட்கள். அதன்பிறகுதான் மெல்ல மெல்லப் பின்னால் போவார். எங்கள் பிள்ளைகள் இப்போது முதலில் ரிங்குக்கு அடியில் நின்று ஒற்றைக் கையால் ஐம்பது போட்டுவிட்டுத்தான் ஓர் எட்டு பின்னால் வைக்கலாம்.

அதைவிட முக்கியமானது இன்னொன்று. கரி பாஸ் கொடுத்ததும் என்ன செய்கிறார்? ஓடுகிறார். பந்து கையில் இல்லாதபோது அவர் ஓடும் ஓட்டம் இருக்கிறதே, அதைப் பார்க்க எனக்குச் சலிப்பே வந்ததில்லை. ஒரு ஸ்கிரீனைச் சுற்றி, இன்னொன்றுக்குள் புகுந்து, மூலைக்குப் போய், திரும்பி மேலே வந்து. அவர் பின்னால் எப்போதும் இரண்டு பேர் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர் எறியவே வேண்டியதில்லை. இரண்டு பேர் அவரோடு போய்விட்டால் மீதி நாலு பேரை மூன்று பேர்தானே காக்க வேண்டும்? அவருடைய அணிக்காரர்கள் வாங்கும் சுலபமான லே-அப்களில் பாதி அவர் கால்கள் வாங்கிக் கொடுத்தவை. 1998-இல் நான் எழுதிய மூன்றாவது வரிக்குக் கீழே முதல் கோடு அப்போது போட்டது. அடுத்த வருடம் யோகிச்சைப் பார்த்து இரண்டாவது. அவரும் பந்தைக் கொடுத்துவிட்டு நிற்க மாட்டார். மெதுவாக, மாடு மேய்க்கிறவர் மாதிரி நடப்பார், ஆனால் நிற்க மாட்டார்.

இருவரும் எல்லாவற்றையும் மாற்றினார்கள் என்று பேசுவது வழக்கம். என் நோட்டைப் பார்த்தால் அப்படி இல்லை. சிலவற்றை அடிக்க வைத்தார்கள், சிலவற்றைத் தடிமனாக்க வைத்தார்கள். அடிக்க வைப்பது மட்டும் என்றால் அது ஒரு பருவத்து வித்தையாகக்கூட இருக்கலாம். விசித்திரமாக ஆடி இரண்டு வருடம் எல்லாரையும் குழப்பிவிட்டுக் காணாமல் போனவர்கள் உண்டு. பழைய பாடத்தின் வேர் எது, வெறும் பழக்கம் எது என்று பிரித்துக் காட்டுகிறவரைத்தான் தலைமுறைக்கு ஒருவர் என்று நான் சொல்வேன். உயரமானவன் பந்தைத் தட்டக் கூடாது என்பது பழக்கம். கொடுத்தபின் நிற்காதே என்பது வேர். என் பயிற்சியின் முதல் இருபது ஆண்டுகள் இரண்டையும் ஒரே மையில், ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மிலோயெவிச்சைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். ஆடிய காலத்தில் அவர் தன் இடத்துக்குக் குள்ளமானவர் என்று சொல்லப்பட்ட ஃபார்வர்டு. ஆனால் ஏட்ரியாட்டிக் லீகில் மூன்று முறை எம்.வி.பி. மெகாவில் யோகிச்சுக்குப் பாடம் சொன்ன அவர், 2021-இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் உதவிப் பயிற்சியாளராகி கரியின் அணிக்குப் போனார். 2022-இல் அந்த அணி கோப்பை வென்றபோது அவரும் பெஞ்சில் இருந்தார். கெவான் லூனி என்ற உயரக்காரருக்கு ரீபவுண்ட் எடுக்கும் நுணுக்கத்தைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். என் இரண்டு வரிகளை அடிக்க வைத்த இருவரோடும் பக்கத்தில் நின்று வேலை செய்தவர். 2024 ஜனவரியில் ஒரு ஆட்டத்துக்காகப் போயிருந்த ஊரில் மாரடைப்பால் போய்விட்டார். வயது 46. அவரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அன்று காலை பயிற்சியில் என்னால் விசிலை எடுத்து ஊத முடியவில்லை.

ஏழு மாதம் கழித்து, ஆகஸ்டில், பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதி. அமெரிக்காவும் செர்பியாவும். நம் ஊர் நேரத்துக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. வீட்டில் எல்லாரும் தூங்கியபின் மொட்டை மாடியில் பாயைப் போட்டுப் போனைச் செங்கல்லில் சாய்த்து வைத்துக்கொண்டேன். ஒரு கட்டத்தில் செர்பியா பதினேழு புள்ளி முன்னால். மூன்று குவார்ட்டர் முடிந்தபோதும் பதிமூன்று முன்னால். ஒருபக்கம் யோகிச் பந்தைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு அமெரிக்காவின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களைப் பொம்மை மாதிரித் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்து பிரிந்த பந்தைச் செர்பியர்கள் கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே போட்டுக்கொண்டே இருந்தார்கள். மறுபக்கம் கரி ஓடிக்கொண்டே இருந்தார். அந்த இரவு அவர் 36 புள்ளி, ஒன்பது த்ரீ. கடைசி நிமிடங்களில் அவர் போட்ட ஒன்றுதான் அமெரிக்காவை முன்னே தள்ளியது. 95-91. யோகிச் 17 புள்ளி, 11 அசிஸ்ட்.

என் நோட்டின் நான்காம் பக்கமே எழுந்து ஆடுகிற மாதிரி இருந்தது எனக்கு. யார் ஜெயிக்க வேண்டும் என்று நினைக்கக்கூடத் தோன்றவில்லை.

இரண்டே முக்காலுக்குப் போன் அடித்தது. அந்த மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரன்.

“சார், முழிச்சிருக்கீங்களா? பாத்தீங்களா?”

“பாத்தேன்டா.”

“மூணாவது குவார்ட்டர்ல அந்தப் பெரிய மனுசன் குடுத்தாரே ஒரு பாஸ், அவன் திரும்பவே இல்ல சார், அதுக்குள்ள குடுத்துட்டாரு. அதெப்படி சார் தெரியும்?”

எனக்குத் தொண்டையை அடைத்தது. இருபது வருடமாகச் சொல்லாததை அப்போது சொன்னேன். “ஒன்பதாவது படிக்கும்போது நீ ஒரு பாஸ் போடப் போன, நான் விசில் ஊதி அஞ்சு ரவுண்டு ஓடவிட்டேன். அங்க ஒருத்தன் ஓடுறான்னு சொன்ன. அவன் ஓடினான்டா. நான்தான் லேட்டாப் பாத்தேன். தப்பு என்னோடது.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “எப்ப சார்? எனக்கு ஞாபகமே இல்லையே” என்றான். உண்மையாகவே யோசித்துவிட்டுத்தான் சொன்னான். பிறகு மறுபடி யோகிச்சின் காலடியைப் பற்றி, பிவட் காலை எப்படி வைத்தார் என்பதைப் பற்றி, விடியும்வரை பேசினான்.

அவனுக்கு நினைவில்லை. இடது பக்கக் கோட்டோரம் குனிந்து முதல் எட்டு எடுத்து வைத்த அந்தப் பையனின் பனியனில் இருந்த எண் 8. வெள்ளைத் துணியில் நீலம்.